சோபாவில் ஒரு தலையணை

சத்தியபாமா சோதனை எடுக்கப்போகிறாள் என்ற விஷயம் மெல்பேர்னில் இரண்டே இரண்டு தமிழருக்குத்தான் தெரியும். ஒன்று சத்தியபாமா. மற்றது அவளுடைய புருஷன் கேதீஸ்வரன். அது 1976ஆம் ஆண்டு. மெல்பேர்னில் அப்போது இருந்த யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் எல்லாவற்றையும் கூட்டி இருத்தினாலும் ஒரு பள்ளிக்கூட மண்டபம் நிரம்பாது. ஆனால் கிளேட்டனில் ஒரு பிள்ளை தும்மினால் டான்டினோங்கில் யாராவது கொத்தமல்லி அவிக்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு படிப்பை இரண்டு வருஷமாக மூடி மறைத்து வைத்திருப்பது லேசுப்பட்ட காரியமல்ல. களவாகக் காதலிப்பதுகூட அதைவிடச் சுகம்.

மறைத்ததற்குக் காரணம் இருந்தது. வந்த புதிதில் கேதீஸ்வரன் தன்னுடைய எஞ்சினியர் பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ளச் செய்வதற்கான சோதனை ஒன்றை எடுத்தான். எடுக்கமுன்னரே எல்லாருக்கும் சொல்லியும் விட்டான். சந்தோஷத்தை வாய்க்குள் வைத்திருக்கத் தெரியாத மனுஷன். சோதனையில் தவறிவிட்டான். அதற்குப் பிறகு எந்த வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும், கேக் வெட்டமுதல் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து, "என்ன கேதீஸ், திரும்ப எப்ப எடுக்கிறியள்?" என்று கேட்பார். அக்கறையாகத்தான் கேட்பார்கள். அந்த அக்கறைக்குப் பயந்தே அவன் மறுபடி எடுக்காமல், ஒரு கம்பனியில் மற்றவர்கள் போட்ட திட்டத்துக்குப் படம் கீறிக்கொண்டு இருந்துவிட்டான். புருஷனுக்கு நடந்தது தனக்கும் நடக்கக்கூடாது என்று சத்தியபாமா வாயைத் தைத்துக்கொண்டாள்.

அவள் படித்தது பள்ளிக்கூட ஆலோசகர் வேலைக்கான மேற்படிப்பு. பிள்ளைகள் வீட்டிலும் வகுப்பிலும் படுகிற மனக்கஷ்டங்களை இருந்து கேட்கிற வேலை. பகலில் டான்டினோங் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணிதம் படிப்பிப்பாள். பின்னேரத்தில் வகுப்புக்கு ஓடுவாள். கணக்கில் பிழைவிட்ட பிள்ளைக்குச் சிவப்புப் பேனையால் திருத்திக் கொடுக்கலாம். கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கணக்குச் செய்கிற பிள்ளைக்கு என்ன செய்வது? அது தெரியவேண்டும் என்றுதான் இந்தப் படிப்பில் இறங்கினாள். அவளுடைய பள்ளி அதிபர் நல்ல மனுஷி. நூலகத்துக்குப் பக்கத்தில் உடைந்த மேசைகள் போட்டு வைத்திருந்த அறையைத் துப்புரவாக்கி, இரண்டு கதிரையும் போட்டு, "டிசம்பருக்குள் நீ பாஸ் பண்ணினால் இது உன் அறை. இல்லாவிட்டால் கல்வித் திணைக்களம் வேறு ஆளை அனுப்பும், என்னால் தடுக்க முடியாது" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சத்தியபாமா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கதவுக் கைபிடியை ஒருமுறை தொட்டுப் பார்ப்பாள். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவாள்.

நவம்பர் வந்தது. இரண்டு வருஷம் படித்தது அவ்வளவுக்கும் சேர்த்து ஒரே சோதனை. சனிக்கிழமை எழுத்து, அடுத்த புதன்கிழமை வாய்மொழி. எழுத்தைப் பற்றி அவளுக்குப் பெரிய பயம் இல்லை. யாழ்ப்பாணத்தில் படித்தவளுக்குப் பாடமாக்கத் தெரியாதா? பயம் எல்லாம் வாய்மொழிக்குத்தான். மூன்று பேர் முன்னால் இருந்து, தன்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவரின் கதையைச் சொல்லி, எப்படிக் கேட்டேன், ஏன் அப்படிக் கேட்டேன் என்று விளக்கவேண்டும். அவளிடம் இருந்தது ஒரே ஒரு பையனின் கதை. அவனும் இரண்டு தரம் வந்து இருந்துவிட்டு, குடும்பத்தோடு ஜீலோங் நகரத்துக்குக் குடிபெயர்ந்து போய்விட்டான்.

அந்த இரண்டு தரத்திலும்கூட அவள் உருப்படியாகக் கேட்கவில்லை. அவளுக்குப் பொறுப்பான விரிவுரையாளர் மிஸிஸ் டன் ஒலிப்பதிவு நாடாவைப் போட்டுக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள். "பாமா, நீங்கள் அவன் கதையைக் கேட்கவில்லை. முடித்து வைத்தீர்கள்" என்றாள். அவன் வாயைத் திறக்கமுன் புத்தி சொல்லத் தொடங்கிவிடுகிறாளாம். சத்தியபாமாவுக்கு அதுதான் விளங்கவே இல்லை. ஒரு பிள்ளை முன்னால் இருந்து அழுகிறது. நாலு நல்ல புத்தி சொல்லாமல், "உனக்குக் கவலையாக இருக்கிறது போல" என்று அவன் சொன்னதையே அவனுக்குத் திருப்பிச் சொல்வதா? ஊரில் இப்படிச் செய்தால் பைத்தியம் என்றல்லவா நினைப்பார்கள். "கதை மெலிவாக இருக்கிறது. சோதனையில் என்னோடு இருக்கும் மற்ற இருவரும் கிண்டிக் கேட்பார்கள். கவனம்" என்று சொல்லி அனுப்பினாள் மிஸிஸ் டன்.

அதன்பிறகு வீடு வீடாக இருக்கவில்லை. படுக்கை முழுவதும் கடதாசிகள். அவற்றை ஒருவரும் தொடக்கூடாது, அசைக்கக்கூடாது. கேதீஸ்வரன் தன் தலையணையையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு முன்னறைச் சோபாவுக்குப் போய்விட்டான். முட்டை பொரிக்கவும் பழகிக்கொண்டான். தமிழ்ச் சங்கத்துக் கூட்டம், பிறந்தநாள், புதுவீடு குடிபூரல் எல்லாவற்றுக்கும் தனியாகப் போய் அவளுக்காகப் பொய் சொல்லிவிட்டு வந்தான். பொய் சொல்லத் தெரியாதவனைப் பொய் சொல்ல அனுப்பினால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. தீபாவளி விழாவில் வாசலில் நின்றவர்களுக்கு, "அவவுக்குத் தலையிடி" என்றான். சாப்பாட்டு மேசையடியில் இடுப்பில் நாரிப்பிடிப்பு என்றான். செருப்புப் போடும்போது கேட்டவருக்கு, "மனம் சரியில்லை" என்றான். தலையிடியும் நாரிப்பிடிப்பும் மனமும் அன்று பின்னேரமே தொலைபேசியில் ஒன்றுசேர்ந்துவிட்டன.

"மூண்டு பேருக்கும் ஒரே பொய்யைச் சொல்லியிருக்கலாமே?" என்று சத்தியபாமா தலையில் கைவைத்தாள்.

"ஒரே பொய்யைத் திருப்பித் திருப்பிச் சொன்னால் நம்பமாட்டினம் பாமா" என்றான் அவன், பெரிய அனுபவசாலி போல.

சோதனைக்கு முந்திய வியாழக்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தாள். வடக்குக் காற்று வெக்கையை அள்ளிக்கொண்டு வந்து கொட்டியது. திரைகளை இழுத்து மூடிவிட்டு, படுக்கையில் இடம் காணாமல் சோபாவில் வந்து இருந்து படித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. தபால்காரன் என்று நினைத்து எட்டிப் பார்த்தால், வாசலில் யோகா நிற்கிறாள். கையில் மூன்றடுக்குச் சாப்பாட்டுக் காரியர்.

யோகா, சங்கத்தின் செயலாளர் அரியரத்தினத்தின் மனைவி. அரியரத்தினம் மேடையில் ஏறினால் இறங்க மனமில்லாதவர். யோகா மேடைப் பக்கம் போகாமல் சமைத்துக்கொண்டு குசினியில் நிற்பவள். சத்தியபாமாவை விட ஏழெட்டு வயது மூத்தவள். அவள் வந்தது ஆபத்தா இல்லையா என்று யோசிக்க நேரம் இருக்கவில்லை. மடியில் இருந்த இரண்டு புத்தகங்களையும் கீழே போட்டுக் காலால் சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

"வாங்கோ யோகாக்கா."

"இடியப்பமும் சொதியும் கொண்டந்தனான். தேங்காய்ப்பால் இல்லை, பசுப்பால்தான் விட்டது. கோவியாதேயும்." யோகா உள்ளே வந்தாள். கண் முன்னறையை ஒருதரம் சுற்றி வந்தது. மூடின திரை. மேசையில் எச்சில் கோப்பைகள். சோபாவின் ஒரு மூலையில் கேதீஸ்வரனின் தலையணையும் மடிக்காத போர்வையும். அதிலேயே கண் நின்றுவிட்டது.

தலையணையைப் பற்றிச் சத்தியபாமா யோசிக்கவே இல்லை. என்ன சொல்வது? படிக்கிறேன் என்று சொன்னால் சனிக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரியும். தவறினால் கேதீஸுக்குக் கேட்டது போலத் தனக்கும் கேட்பார்கள், ஆயுள் முழுக்க.

யோகா போர்வையை மடித்து ஓரமாக வைத்தாள். சோபாவில் இருந்தாள். "நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம் பாமா. எனக்கு விளங்குது" என்றாள்.

அப்போதே இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேவலம் ஒரு சோதனையை மறைப்பதற்காக, தன் புருஷனைத் தன்னோடு படுக்காதவன் ஆக்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு எதிரில் இருந்தாள். அனுதாபம் முடிந்ததும் யோகா போய்விடுவாள், மூன்றாம் அத்தியாயத்தை மதியத்துக்குள் முடித்துவிடலாம் என்றுதான் அப்போதும் மனம் கணக்குப் போட்டது.

"எங்கட வீட்டிலையும் அப்பிடித்தான்" என்றாள் யோகா.

சத்தியபாமா நிமிர்ந்தாள்.

"அவர் என்னோடை கதைச்சுப் பத்து மாசம். போன தைப்பொங்கலுக்கு அவர் மேடையில பேசேக்கை நான் சிரிச்சுப்போட்டன். பக்கத்தில இருந்தவ என்னவோ சொன்னவ, அதுக்குத்தான் சிரிச்சனான். தன்னைப் பார்த்துச் சிரிச்சதெண்டு பிடிச்சுக்கொண்டார். அண்டைக்கு நிப்பாட்டினவர்தான்."

"ஒண்டுமே கதைக்கிறேல்லையோ?"

"என்னோடை இல்லை. கலாவோடை கதைப்பார்." கலா அவர்களுடைய ஒரே மகள், பதின்மூன்று வயது. "'அம்மாட்டச் சொல்லு, தேத்தண்ணி வேணுமெண்டு.' நான் பக்கத்திலதான் நிப்பன். எனக்குக் கேட்கும். எண்டாலும் அவள் என்ரை பக்கம் திரும்பி, 'அம்மா, அப்பாக்குத் தேத்தண்ணி வேணுமாம்' எண்டு சொல்லவேணும். சொன்னாப் பிறகுதான் நான் போடவேணும். முதல்ல அவளுக்கு விளையாட்டு மாதிரி இருந்தது. பிறகு நானும் பழகிப்போனன் பாமா. நானும் அவளைக் கொண்டுதான் சொல்லுவிக்கிறது."

சத்தியபாமாவின் நாக்கு நுனிக்குப் புத்திமதிகள் வரிசையாக வந்து நின்றன. நீங்களே போய் முதலில் கதையுங்கோ. பெரியவர்கள் யாரையாவது வைத்துப் பேசுங்கோ. பிள்ளையை நடுவில் விடாதேங்கோ. ஒன்றையும் சொல்ல முடியவில்லை. தன் புருஷனின் தலையணை சோபாவில் கிடக்கிறது என்று ஒப்புக்கொண்டு இருப்பவள், இன்னொரு வீட்டுக்காரிக்கு எந்த முகத்தோடு குடும்பம் நடத்தச் சொல்லிக் கொடுப்பது? தான் சொன்ன பொய்யே தன் வாயைக் கட்டிவிட்டது. வேறு வழியில்லாமல், புத்தகத்தில் இருந்ததைச் சொன்னாள்.

"சொல்லச் சொல்ல உங்களுக்கு நெஞ்சடைக்குது போல, யோகாக்கா."

யோகா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சத்தியபாமா எழும்பவில்லை. தண்ணீர் கொண்டுவர ஓடவில்லை. அழவேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் வந்து இருந்தாள், அவ்வளவுதான்.

"போன கிழமை பள்ளிக்கூடத்தில கூப்பிட்டவை" என்றாள் யோகா, அழுகை ஓய்ந்ததும். "கலா ஒருத்தரோடையும் வாய் திறக்கிறாள் இல்லையாம். கேள்வி கேட்டாலும் நிலத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறாளாம். வீட்டிலை ஏதும் பிரச்சினையோ எண்டு டீச்சர் கேட்டவ. இல்லையெண்டு சொல்லிப்போட்டு வந்தனான். வந்து, அவருக்கு இதைச் சொல்லத்தானே வேணும்? எப்பிடிச் சொல்லுறது?" அவள் முந்தானையை நீவி விட்டுக்கொண்டாள். "அவளைத்தான் அனுப்பினனான் பாமா. 'உன்னைப் பற்றி டீச்சர் சொன்னதைப் போய் அப்பாட்டச் சொல்லு' எண்டு அவளையே அனுப்பினனான். போய்ச் சொன்னாள். ஒரு சொல்லு விடாமல் சொன்னாள்."

சத்தியபாமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்றாம் அத்தியாயம் மறந்துபோயிற்று. யோகா சொல்லிக்கொண்டே போனாள். சத்தியபாமா கேட்டுக்கொண்டே இருந்தாள். இடியப்பம் ஆறிக் காய்ந்தது. யோகா எழும்பும்போது முகம் வீங்கியிருந்தது, ஆனால் வந்தபோது இருந்ததைவிட வெளிச்சமாக இருந்தது. சோபாத் தலையணையைத் தட்டி நிமிர்த்தி வைத்தாள்.

"உம்மட கதையை நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

"நானும் சொல்லமாட்டன் அக்கா" என்றாள் சத்தியபாமா. மனதாரத்தான் சொன்னாள்.

காரின் சத்தம் தெருமுனையில் மறைந்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது. இரண்டு வருஷமாக மிஸிஸ் டன் தலைகீழாக நின்று சொல்லிக்கொடுத்தும் வராதது, இன்று வந்திருக்கிறது. ஒரு புத்திமதிகூடச் சொல்லாமல், ஒரு மனுஷியின் கதையை முழுக்கக் கேட்டிருக்கிறாள். நாடாவில் பதியாதது ஒன்றுதான் குறை. சந்தோஷப்படுவதா வெட்கப்படுவதா என்று தெரியாமல், காய்ந்த இடியப்பத்தைச் சொதியில் குழைத்துத் தனியே இருந்து சாப்பிட்டாள்.

சனிக்கிழமை எழுத்துச் சோதனை. நான்காவது கேள்வி, நம்பி வந்தவர் சொன்னதை வெளியே சொல்லாதிருப்பதன் அவசியத்தைப் பற்றியது. சத்தியபாமா பேனையை எடுத்தவள் நிமிராமல் எழுதினாள். பெயரை மாற்றினால் மட்டும் போதாது, சிறிய சமூகங்களில் பெயரில்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஆகவே அங்கே இன்னும் இரண்டு மடங்கு கவனம் வேண்டும் என்று தன் சொந்தப் புத்தியிலிருந்தும் ஒரு பந்தி சேர்த்தாள். அதை எழுதி முடித்தபோது அவளுக்கே தன்னைப் பற்றி நல்ல எண்ணம் வந்தது.

புதன்கிழமை காலையில் அவளுக்கு ஒன்றும் இறங்கவில்லை. கேதீஸ்வரன் பொரித்த முட்டையை அவனே சாப்பிட்டான். "போட்டு வாறன்" என்றாள். "வெண்டு கொண்டு வாரும்" என்றான் அவன்.

நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் துறைத்தலைவர் டொக்டர் ஹாலம். புகைக்காத பைப் ஒன்றைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். ஒருபக்கம் மிஸிஸ் டன். மறுபக்கம் கல்வித் திணைக்களத்திலிருந்து வந்த, சிரிக்காத ஒரு பெண். சத்தியபாமா ஜீலோங் போன பையனின் கதையைச் சொன்னாள். பாடமாக்கியதை ஒரு பிசகும் இல்லாமல் சொன்னாள்.

"அந்தப் பையன் உங்களிடம் சொன்னது என்ன?" என்று கேட்டாள் திணைக்களத்துப் பெண்.

சத்தியபாமா யோசித்தாள். தான் சொன்னது எல்லாம் நினைவிருந்தது. அவன் சொன்னது ஒன்றும் நினைவில் இல்லை.

"மிஸிஸ் கேதீஸ்வரன், உங்கள் எழுத்து நன்றாகவே இருக்கிறது" என்றார் டொக்டர் ஹாலம். "ஆனால் எழுத்து வேறு, கேட்பது வேறு. இந்த ஒன்றை மட்டும் வைத்து உங்களைப் பிள்ளைகளோடு ஓர் அறையில் விடுவது எங்களுக்குக் கஷ்டம். வேறு யாரையாவது, பள்ளிக்கு வெளியிலே என்றாலும், நீங்கள் உண்மையாக உட்கார்ந்து கேட்டதுண்டா?"

மிஸிஸ் டன் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மாணவி விழப்போவதைப் பார்க்கப் பிடிக்காத முகம்.

சத்தியபாமா கணக்குப் போட்டாள். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் இந்த வருஷம் போயிற்று; அறை போயிற்று; பிப்ரவரியில் பள்ளி திறந்ததும் யாரோ ஒருத்தி அந்தக் கைபிடியைத் திருகிக்கொண்டு உள்ளே போவாள். உண்டு, ஆனால் சொல்லமாட்டேன் என்றும் சொல்லலாம். அதை நம்புவார்களா? சொல்ல ஒன்றுமில்லாதவர்கள் எல்லாம் அதைத்தானே சொல்வார்கள். பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த மூன்று பேரும் ஒரு நாளும் சங்கத்துப் பொங்கலுக்கு வரப்போவதில்லை. யாருக்கு என்ன நட்டம்? சனிக்கிழமை எழுதிய பந்தி எங்கேயோ தூரத்தில் கிடந்தது.

"ஒரு தாய்" என்றாள். "இத்தாலியக் குடும்பம்."

நாட்டை மாற்றினாள். மகளை மகனாக்கினாள். மேடையில் சிரித்ததைத் தேவாலயத்தில் சிரித்ததாக்கினாள். ஆனால் கதை தொடங்கியதும் அவளுடைய குரலே மாறிவிட்டது. பாடமாக்கியவளின் குரல் போய், கேட்டவளின் குரல் வந்தது. தகப்பன் சொல்வான், அம்மாவிடம் சொல்லு தேநீர் வேண்டுமென்று.

"தேநீரா?" என்றாள் திணைக்களத்துப் பெண், தலையை நிமிர்த்தி.

"கோப்பி" என்றாள் சத்தியபாமா. முகம் சுட்டது.

அவள் தொடர்ந்தாள். பிள்ளையைப் பற்றிய செய்தியைப் பிள்ளையிடமே கொடுத்து அனுப்பிய இடம் வந்தபோது டொக்டர் ஹாலம் பைப்பை உருட்டுவதை நிறுத்தினார். "அப்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார். "ஒன்றும் சொல்லவில்லை" என்றாள். "சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்தேன்." திணைக்களத்துப் பெண் முதல்முறையாகச் சிரித்தாள்.

வெளியே வந்து படியில் நின்றபோது மிஸிஸ் டன் பின்னாலேயே வந்தாள். கடிதம் பிறகு வரும், ஆனால் கவலைப்பட வேண்டாம், மூவருக்கும் ஒரே எண்ணம்தான் என்றாள். பிறகு சத்தியபாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "பாமா, உங்களுக்கு எப்போதாவது யாரிடமாவது பேசவேண்டும் போல இருந்தால், என் கதவு திறந்தே இருக்கும்." அவள் கண்ணில் இருந்த இரக்கத்தைப் பார்த்த பிறகுதான் சத்தியபாமாவுக்கு விளங்கியது. அந்த இத்தாலியத் தாய் சத்தியபாமாதான் என்று இவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள். பாவம் கேதீஸ். ஒரு வாரத்துக்குள் இரண்டு இடத்தில் அவன் கெட்ட புருஷன் ஆகிவிட்டான்.

பாஸ் பண்ணிவிட்டேன் என்ற சந்தோஷம் கார் வரைக்கும்தான் இருந்தது. பாஸ் பண்ணினால் பிப்ரவரியில் அறைக்குள் போவாள்; ஊருக்குத் தெரியவரும்; யோகாவுக்கும் தெரியவரும். அந்தத் தலையணை வெறும் சோதனைத் தலையணை என்று தெரிந்தால் அந்த மனுஷி என்ன நினைப்பாள்? தன் வயிற்றெரிச்சலை எல்லாம் ஒரு நடிப்புக்காரியிடம் கொட்டிவிட்டேனே என்று துடிக்கமாட்டாளா? மற்றவர் சொல்லிக் கேட்கமுன் தானே போய்ச் சொல்லிவிடவேண்டும். மன்னிப்புக் கேட்கவேண்டும். மூன்று பேருக்கு முன்னால் சொன்ன கதையைப் பற்றி அவள் நினைக்கவில்லை. அது இத்தாலியக் கதை.

போவதற்கு யோகாவின் காரியரைத் திருப்பிக் கொடுக்கிற சாட்டு இருந்தது. வெறும் பாத்திரத்தை எப்படிக் கொடுப்பது என்று வழியில் கடையில் நிறுத்தி, ஒரு பழக் கேக் வாங்கி மேலடுக்கில் வைத்தாள். யோகா கதவைத் திறந்து, "அட, வாரும் வாரும்" என்றாள். அரியரத்தினம் வேலையால் இன்னும் வந்திருக்கவில்லை. கலா பள்ளிச் சீருடையோடு மேசையில் இருந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். யோகா கண்ணைக் காட்டியதும் எழும்பித் தன் அறைக்குள் போனாள். காரியரை மடியில் வைத்துக்கொண்டு சத்தியபாமா கதிரையில் இருந்தாள்.

"யோகாக்கா, நான் உங்களுக்கு ஒரு பொய் சொல்லிப்போட்டன்."

"என்ன பொய்?"

"எனக்கும் கேதீஸுக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. நான் ஒரு சோதனைக்குப் படிச்சனான். கட்டில் முழுக்கப் பேப்பர். அதுதான் அவர் சோபாவில படுத்தவர். நீங்கள் பிழையா விளங்கிக்கொள்ள, நான் சும்மா இருந்திட்டன்."

யோகா சிரித்தாள். சத்தியபாமா எதிர்பாராத, வாய்விட்ட சிரிப்பு. "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன?"

"போர்வையை மடிக்கேக்கை குனிஞ்சனான். சோபாவுக்குக் கீழை ரெண்டு புத்தகம் கிடந்தது. அட்டையில கவுன்சிலிங் எண்டு பெரிசா எழுதிக் கிடந்தது. எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதே?"

"அப்ப ஏன் அக்கா..."

"சும்மா வந்திருந்து என்ரை மனுசன் கதைக்கிறேல்லை எண்டு சொல்ல ஏலுமே பாமா? உமக்கும் ஏதோ இருக்கெண்டு வைச்சால்தான் எனக்கு வாய் வரும். அதுதான் நானும் தெரியாத மாதிரி இருந்திட்டன்." யோகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வேறை ஆரிட்டையும் சொல்லியிருக்கமாட்டன். சொன்னால் நாளைக்கே தேங்காய் துருவுற இடமெல்லாம் என்ரை கதையையும் துருவிப்போடுவினம். இவ இதுக்கெண்டே படிக்கிறவ, இவவின்ரை வாயில இருந்து வெளியில போகாது எண்டுதான் உமக்குச் சொன்னனான். அண்டையில இருந்து எனக்குக் கொஞ்சம் நித்திரை வருது."

சத்தியபாமாவின் கைகள் காரியரை இறுக்கிக்கொண்டன. நிம்மதியாகச் சிரித்துவிட்டு எழும்பிப் போகலாம். யோகா ஒருநாளும் அறியப்போவதில்லை. ஆனால் அவளுடைய முகம் அவளைக் கேட்காமலே காட்டிக் கொடுத்துவிட்டது. அடுத்தவர் முகத்தைப் பார்க்கப் பழகியதில் தன் முகத்தை மூடப் பழகியிருக்கவில்லை.

"என்ன பாமா?" என்றாள் யோகா. சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஒருத்தருக்கும் சொல்லேல்லைத்தானே?"

"பேர் சொல்லேல்லை அக்கா. இத்தாலிக் குடும்பம் எண்டுதான் சொன்னனான். வாய்மொழியில கேட்டவை. வேறை கதை இருக்கேல்லை. சொல்லாட்டில் ஃபெயில் பண்ணியிருப்பினம்."

"எத்தினை பேருக்கு?"

"மூண்டு பேர்."

"கலாவை அனுப்பினதையும் சொன்னனீரோ?"

சத்தியபாமா தலையைக் குனிந்தாள். அந்த ஒன்றைச் சொன்னதால்தான் பாஸ் பண்ணினாள் என்பது அவளுக்குத் தெரியும். "ஓம்" என்றாள். "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. திட்டுங்கோ. என்னவெண்டாலும் சொல்லுங்கோ."

யோகா திட்டவில்லை. அழவும் இல்லை. உள்ளே திரும்பி, "கலா" என்று கூப்பிட்டாள்.

பிள்ளை வந்து நின்றது.

"அன்ரியின்ரை மடியில இருக்கிற காரியரை வாங்கி வை."

கலா வாங்கி மேசையில் வைத்தாள்.

"அன்ரியிட்டக் கேள், தேத்தண்ணி குடிக்கிறாவோ எண்டு."

கலா ஆச்சரியப்படவில்லை. தாயின் கதிரைக்கும் இந்தக் கதிரைக்கும் நடுவில், அளந்தது போல வந்து நின்றுகொண்டு, இந்தப் பக்கம் திரும்பினாள். "பாமா அன்ரி, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ எண்டு அம்மா கேக்கிறா." ஏற்றம் இறக்கம் இல்லாத, நன்றாகப் பழகிப்போன குரல்.

இந்தப் பிள்ளையிடம் ஒரு சொல்லும் கொடுத்து அனுப்பக்கூடாது என்பது மட்டும் சத்தியபாமாவுக்குத் தெரிந்தது. கலாவைத் தாண்டி யோகாவை நேரே பார்த்தாள்.

"யோகாக்கா, எனக்குத் தேத்தண்ணி வேண்டாம். நீங்கள் என்னோடை கதையுங்கோ."

யோகா அவளைப் பார்க்கவில்லை.

"கலா, அன்ரி என்ன சொன்னவ?"

"வேண்டாமாம்" என்றாள் கலா.